வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று: குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

2015 டிசம்பர் முதல் வாரம். சென்னையை அடுத்த முடிச்சூரில் தரைத்தள வீடு. அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியபோது அம்மாவையும் குழந்தையையும் மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டோம். கையோடு எடுத்தது சர்டிபிகேட் பை ஒன்றுதான். மூன்று நாள் கழித்துக் கீழே இறங்கிப் பார்த்தால் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் இருந்த சிபியு சேற்றில் புதைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்துத் தட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பேக்கப் இருக்கிறது என்று நான் நிம்மதியாக இருந்தது அதை நம்பித்தான். அதுவும் அதே சேற்றில். பையனின் முதல் இரண்டு வருடப் படங்கள் அந்த இரண்டிலும் மட்டுமே இருந்தன. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப்பிலிருந்து கேட்டு வாங்கிய சின்னச் சின்னப் படங்கள்தான் இன்று எங்களிடம் மிஞ்சியவை.

ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு நகலும் ஒரு நகல்தான். வெள்ளம், தீ, திருட்டு, இடி விழுந்து ஏறும் கரண்ட், எது வந்தாலும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இதற்குத்தான்: மொத்தம் 3 நகல், 2 வெவ்வேறு வகைச் சாதனம், அதில் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில்.

எங்கள் வீட்டில் நாலு போன், ஒரு டிஜிட்டல் கேமரா. நகல்கள் சென்னையில் ஒரு கம்ப்யூட்டரிலும், திருச்சியில் அக்கா வீட்டுப் பழைய லேப்டாப்பிலும், பீரோவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கின்றன. மாதச் சந்தா எதுவும் இல்லை. அதை எப்படி அமைத்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எங்கெங்கே படம் கிடக்கிறது?

சாஃப்ட்வேர் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்களின் போன்கள் உடனே நினைவுக்கு வரும். வராதவைதான் முக்கியம். டிராயரில் கிடக்கும் பழைய பட்டன் போனின் மெமரி கார்டு. டிஸ்ப்ளே உடைந்ததும் ஓரம் கட்டிய போன். ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்தோடு கொடுத்த டிவிடி. அப்பாவின் கூகுள் கணக்கு. அண்ணி வேலைக்குக் கொண்டுபோகும் லேப்டாப்பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்.

டிவிடிக்களை முதலில் எடுங்கள். கம்ப்யூட்டரில் பதிவு செய்த டிவிடிக்கள் வருடம் ஆக ஆக அழிந்துகொண்டே போகும். வெயில் படும் அலமாரியில் இருந்தால் இன்னும் சீக்கிரம். என் கல்யாண டிவிடி நாலில் மூன்றுதான் படித்தது. நாலாவதை வேறு ஒரு டிரைவில் போட்டதும் படித்துவிட்டது. எனவே ஒரு டிரைவில் வரவில்லை என்று தூக்கிப் போடாதீர்கள், இன்னொன்றில் முயன்று பாருங்கள்.

கூகுள் போட்டோஸில் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 1-க்கு முன்னால் தரம் குறைத்து ஏற்றிய படங்களுக்கு இடக்கணக்கு இல்லை. அந்தத் தேதிக்குப் பிறகு எல்லாம் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும்; அந்த 15 ஜிபியில் ஜிமெயிலும் டிரைவும் சேர்த்தி. அதோடு, இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கணக்கை அழிக்கலாம் என்ற விதியை 2023-இல் கொண்டுவந்தார்கள். காலமாகிவிட்ட பெரியவர் ஒருவரின் கணக்கு உங்கள் வீட்டில் இருந்தால், அதில் உள்ள படங்களை இந்த வாரமே இறக்கிவிடுங்கள். கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்தில் போட்டோஸை மட்டும் டிக் செய்தால், ஜிப் ஃபைல்களாகக் கட்டித் தரும். ஜிப்பைப் பிரித்தால் படங்களோடு ஜேசான் என்று முடியும் குட்டி ஃபைல்களும் இருக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதி, நீங்கள் எழுதிய குறிப்பு போன்றவை சில படங்களுக்கு அதில் மட்டும்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் சுருக்கப்பட்டவை. எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் போயிருக்கும். ஒரு விசேஷத்தில் மாமா எடுத்த நல்ல படம் வேண்டுமென்றால், "மாமா, அதை டாகுமெண்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். அப்படி அனுப்பினால் படம் அசல் தரத்தோடு வரும்.

இந்த நேரத்தில் தரம் பிரிக்க உட்காராதீர்கள். மங்கலான படம், ஒரே காட்சியில் ஏழு படம், குட் மார்னிங் படம் எல்லாம் இருக்கட்டும். 'முதலில் ஒழுங்குபடுத்திவிட்டு அப்புறம் பேக்கப்' என்று தள்ளிப்போட்டவர்கள் இரண்டையும் செய்யாமல் நின்றதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்தால் 50,000 படம் 200 ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது ஒரு பெரிய சுமையே இல்லை. இடத்தைத் தின்பது வீடியோ. அதனால் இன்றைய மொத்த அளவைப் போல இரண்டு மடங்கு இடமுள்ள டிஸ்க்காக வாங்குங்கள்.

இரண்டாம் படி: ஃபோல்டர்கள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு பெரிய ஃபோல்டர் மட்டும் போதும். ஒன்று 'வரவு', சாதனங்களிலிருந்து படம் வந்து சேரும் இடம்; இன்னொன்று 'பெட்டகம்', அதிலிருந்து எடுக்கும் அழியாத நகல். வரவுக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி ஃபோல்டர்: அம்மா-2021, நான்-2023, கேமரா. ஆள் பெயரோடு போன் வாங்கிய வருடத்தையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டக் கூடாது. பல கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடியும் 0001-இலிருந்து தொடங்கும். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படம் வந்து, 'ரிப்ளேஸ்' என்று ஒரு கிளிக் செய்தால் பழையது போயே போய்விடும்.

ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் போட வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 வேண்டாம். 4 ஜிபியைத் தாண்டும் ஒரு ஃபைல்கூட அதில் ஏறாது. கல்யாண வீடியோ அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் படி: போனிலிருந்து வீட்டுக்கு

இதற்கு நான் பயன்படுத்துவது சிங்க்திங் என்ற மென்பொருள்; இரண்டு சாதனங்களில் உள்ள ஒரு ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்திருக்கும். இலவசம், ஓப்பன் சோர்ஸ், நடுவில் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் படம் தங்காது. கம்ப்யூட்டரில் நிறுவியதும் பிரவுசரில் 127.0.0.1:8384 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே தொடங்கும்படி வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வ ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் தளத்தில் கிடைக்கும் அதன் மாற்றுப் பதிப்பான சிங்க்திங்-ஃபோர்க்கைப் போடுங்கள்.

போனில் கம்ப்யூட்டரின் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து சாதனமாகச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பக்கத்தில் 'இந்தப் போனை அனுமதிக்கவா' என்று கேட்கும், சரி என்று கொடுங்கள். அப்புறம் போனில் கேமராப் படங்கள் சேரும் டிசிஐஎம் ஃபோல்டரைப் பகிருங்கள். ஃபோல்டர் வகை என்ற இடத்தில் போனில் 'செண்ட் ஒன்லி', கம்ப்யூட்டரில் 'ரிசீவ் ஒன்லி'. கம்ப்யூட்டரில் சேமிக்கும் இடம் வரவுக்குள் அந்தப் போனின் ஃபோல்டர்.

போனில் இன்னும் இரண்டு செட்டிங். வைஃபையில் இருக்கும்போது மட்டும், சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி வைத்தால் டேட்டாவும் பேட்டரியும் வீணாகாது. அடுத்தது பேட்டரி சேமிப்பு. பல போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பைக் கொன்றுவிடும். ஆப் விவரத்துக்குள் போய் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆட்டோஸ்டார்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். 'போட்டேன், ரெண்டு நாளில் நின்னுபோச்சு' என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல்.

ஐபோனில் இது இவ்வளவு சுலபமில்லை. பின்னணியில் ஆப்பை நீண்ட நேரம் ஓட விடாது. என் மனைவியின் ஐபோனை மாதம் ஒருமுறை கேபிளில்தான் இறக்குகிறேன். அதற்கு முன் செட்டிங்ஸில் போட்டோஸுக்குள் போய் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். அங்கேயே 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' ஆனில் இருந்தால் போனில் இருப்பது சிறு படம் மட்டுமாக இருக்கலாம், அசல் ஐகிளவுடில் இருக்கும். அப்படியானால் ஐகிளவுடிலிருந்துதான் இறக்க வேண்டும். 2017-க்குப் பிறகு ஐபோன்கள் எடுக்கும் ஹெச்இஐசி வகையை ஜேபெக்காக மாற்ற வேண்டியதில்லை. அசலை அசலாகவே வையுங்கள்.

கேமரா கார்டைக் கையால் காப்பி செய்வதுதான். காப்பி, கட் அல்ல. படங்கள் மூன்று இடத்துக்கும் போய்ச் சேரும் வரை கார்டை ஃபார்மேட் செய்யக் கூடாது.

நான்காம் படி: அழிப்பது பரவக் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் நான் இந்தப் படியை வைக்கவில்லை. போனிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு, எல்லாம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அம்மா போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்திருக்கிறது. "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே" என்று நாலு மாதப் படங்களை மொத்தமாக அழித்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். அன்று இரவு போனைச் சார்ஜில் போட்டதும், சிங்க்திங் அந்த அழிப்பையும் ஒழுங்காக அனுப்பிவிட்டது. சென்னையில் போய்விட்டது. திருச்சியிலும் போய்விட்டது. பீரோவில் கிடந்த டிஸ்க்கில் மூன்று மாதப் படங்கள் இருந்தன. கடைசி ஐந்து வாரம் இல்லை. பாட்டி எங்களோடு இருந்த கடைசிப் பொங்கல் அந்த ஐந்து வாரத்துக்குள்.

'ரிசீவ் ஒன்லி' என்றால் வாங்கி வைத்துக்கொள்ளும், எதையும் இழக்காது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அப்படியில்லை. இந்தப் பக்கத்து மாற்றத்தை அந்தப் பக்கம் அனுப்பாது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் அழித்தால் இந்தப் பக்கமும் அழியும். சிங்க் என்பது கண்ணாடி மாதிரி; எதிரே இருப்பது போனால் உள்ளே இருப்பதும் போகும்.

எனவே இரண்டு தடுப்பு வைக்க வேண்டும்.

முதலாவது, கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரவு ஃபோல்டரின் செட்டிங்கிலும் 'ஃபைல் வெர்ஷனிங்' என்ற பகுதியில் 'டிராஷ் கேன்' தேர்ந்தெடுங்கள். எத்தனை நாளில் காலி செய்ய என்று கேட்கும் இடத்தில் 0 என்று போட்டால் எப்போதும் காலியாகாது. போனில் அழித்தது இங்கே ஒரு மறைவான ஃபோல்டருக்குள் போய்க் கிடக்கும்.

இரண்டாவதுதான் உண்மையான காப்பு. வரவிலிருந்து பெட்டகத்துக்குத் தினமும் ஒரு நகல். இதற்கு ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பெட்டகம். சிங்க் முறைகளில் 'மிரர்' வேண்டாம், அது அழிப்பையும் கொண்டுபோகும். 'அப்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்: புதியது போகும், மாறியது போகும், அழித்தது போகாது. மாறிய ஃபைலின் பழைய பதிப்பைத் தொலைக்காமலிருக்க 'வெர்ஷனிங்' என்பதற்கும் ஒரு ஃபோல்டர் காட்டுங்கள். இதை பேட்ச் ஜாப்பாகச் சேமித்து, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 2 மணிக்கு என்று வைத்துவிட்டால் உங்கள் கை படவே வேண்டாம்.

அமைத்த அன்றே சோதனை செய்யுங்கள். போனில் சுவரைப் படம் எடுங்கள். அது வரவுக்கு வரட்டும், பேட்ச் ஜாப்பைக் கையால் ஓட்டுங்கள், பெட்டகத்திலும் வந்துவிடும். இப்போது போனில் அந்தப் படத்தை அழியுங்கள். வரவில் போக வேண்டும், பெட்டகத்தில் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்த பிறகு அம்மாவிடம் சொல்லுங்கள், "இனிமே தாராளமா அழிக்கலாம்மா."

ஐந்தாம் படி: அக்கா வீட்டுக்கு

வெளியூர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே வெள்ளம் இரண்டையும் தொடாத தூரம் வேண்டும். வீடு முடிச்சூரில் என்றால் பக்கத்துத் தாம்பரத்தில் வைப்பதில் பயனில்லை. அதே சமயம் வருடத்துக்கு இரண்டு முறையாவது நீங்கள் போய்வரும் வீடாக இருக்க வேண்டும்.

அங்கே பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. பழைய லேப்டாப்பும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் போதும். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப் 11-ஐ ஏற்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். சிங்க்திங் அதிலும் ஓடும். மூடியை மூடினாலும் தூங்கக் கூடாது என்று பவர் செட்டிங்கில் மாற்றுங்கள். எப்போதும் சார்ஜிலேயே இருந்தால் பேட்டரி ஊதிப்போகலாம் என்பதால், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். மின்செலவு பெரிதாக இல்லை. சும்மா ஓடும் லேப்டாப் 12 வாட் இழுத்தால் மாதம் 9 யூனிட்டுக்குள்தான்.

முதல் நகலை இன்டர்நெட் வழியே அனுப்ப முயலாதீர்கள். 300 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால், நிற்காமல் ஓடினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் வீட்டு லைனில் அது ஒரு வாரம் இழுக்கும். தீபாவளிக்கு அக்கா வந்தபோது லேப்டாப்பையும் டிஸ்க்கையும் எடுத்து வரச் சொன்னேன். நம் வீட்டு ரவுட்டரில் இரண்டையும் இணைத்து, பெட்டகத்தை இங்கே 'செண்ட் ஒன்லி', அங்கே 'ரிசீவ் ஒன்லி' என்று பகிர்ந்தேன். ஒரே ராத்திரியில் முடிந்தது. திருச்சியில் போய் வைஃபையில் சேர்த்ததும் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்ந்தது. அதன் பிறகு போவது அன்றன்றைய படங்கள் மட்டும். அங்கேயும் 'டிராஷ் கேன்' வெர்ஷனிங் கட்டாயம் வேண்டும். நம் கம்ப்யூட்டரில் ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்து படங்களையெல்லாம் பூட்டினாலும், பூட்டுவதற்கு முந்தைய பதிப்புகள் அங்கே ஒதுங்கியிருக்கும்.

இணைப்பு விவரத்தில் 'ரிலே' என்று காட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு வீட்டு ரவுட்டர்களும் நேராகப் பேச முடியாததால் நடுவில் ஒரு சர்வர் வழியாகப் போகிறது. மெதுவாகப் போகும், ஆனால் மறையாக்கம் செய்தே போவதால் நடுவில் இருப்பவர் படத்தைப் பார்க்க முடியாது.

சொந்த அக்கா வீடு என்பதால் படங்களை அங்கே திறந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன்; அவளும் பார்க்கிறாள், அதில் எனக்குச் சந்தோஷம். நண்பர் வீடு, ஆபீஸ் என்றால் பகிரும்போது அந்தச் சாதனத்துக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுங்கள். அங்கே பூட்டிய நிலையில் மட்டும் சேரும். அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் அந்த நகலும் தொலைந்தது.

அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஒருமுறை மூன்று நாள் இணைப்பே இல்லை. போன் செய்தேன்.

"அக்கா, அந்த லேப்டாப் ஓடுதா?"

"ஆயுதபூஜைக்குத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஆஃப் பண்ணி வச்சேன்டா. ஆன் பண்ணணுமா?"

இப்போது அந்த சுவிட்சின் மேல் 'தம்பியின் படங்கள், அணைக்க வேண்டாம்' என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஆறாம் படி: பிடுங்கி வைத்த டிஸ்க்

கரண்டும் இன்டர்நெட்டும் தொடாத ஒரு நகல் வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஃப்ரீஃபைல்சிங்க்கில் பெட்டகத்திலிருந்து 'அப்டேட்', முடிந்ததும் பிடுங்கி பீரோவில். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கை வைரஸும் எட்டும், இடியும் எட்டும். பென் டிரைவை இதற்கு நம்பாதீர்கள். விலை குறைவாகக் கிடைக்கும் பெரிய கொள்ளளவு பென் டிரைவ்களில் போலிகள் உண்டு: 1 டிபி என்று காட்டும், உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும், மிச்சம் சத்தமில்லாமல் காணாமல் போகும். வாங்கிய எந்த டிஸ்க்கையும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் படம் போடுங்கள்.

ஏழாம் படி: திறந்து பார்ப்பது

அதே முதல் ஞாயிறு, அரை மணி நேரம். திருச்சி நகலிலிருந்து ஏதோ பத்துப் படங்களை அக்காவை விட்டுத் திறக்கச் சொல்வேன்: ஒன்று 2012, ஒன்று போன வாரம், ஒரு வீடியோ. வீடியோவை நடுவில் ஓடவிட்டுப் பார்ப்பது முக்கியம், பாதியில் நின்ற காப்பி அதில்தான் தெரியும். அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் டிஸ்க்குகளின் உடல்நிலை. நீலத்தில் 'குட்' என்றால் சரி. மஞ்சளில் 'காஷன்' வந்தால் அந்த வாரமே புது டிஸ்க். சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். வருடம் ஒருமுறை பீரோ டிஸ்க்கையும் பெட்டகத்தையும் ஃப்ரீஃபைல்சிங்க்கில் 'ஃபைல் கன்டென்ட்' முறையில் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஃபைலையும் முழுக்கப் படித்துப் பார்ப்பதால் ஓர் இரவு ஆகும்.

எதில் என்ன இருக்கிறது, எந்தக் கணக்கு, எந்தப் பாஸ்வேர்டு என்பதை ஒரு தாளில் எழுதி கவரில் போட்டு, வீட்டில் ஒன்றும் அக்காவிடம் ஒன்றும் வைத்திருக்கிறேன். நான் இல்லாத நாளில் என் மனைவி சாஃப்ட்வேர் பெயர் தெரியாமல் நிற்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாலே படங்கள் சாதாரண ஃபோல்டர்களாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான், எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி வைக்கும் மென்பொருள்களை நான் தவிர்த்தேன்.

புதுப் போன் வாங்கும் நாள்

இதை மட்டும் மறக்க வேண்டாம். புதுப் போனில் சிங்க்திங் போட்டு, பழைய போனின் ஃபோல்டரிலேயே சேர்த்துவிடாதீர்கள். புதுப் போனில் கேமரா ஃபோல்டர் காலி, வரவில் ஐயாயிரம் படம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று போனில் 'ஓவர்ரைடு சேஞ்சஸ்' என்று ஒரு பட்டன் வரும். அதை அழுத்தினால் 'என்னிடம் இருப்பதுதான் சரி' என்று அந்தக் காலி ஃபோல்டர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். முதலில் பழைய போனின் கடைசிப் படம் பெட்டகத்திலும் திருச்சியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் போனின் பகிர்வை மட்டும் நீக்குங்கள், ஃபோல்டர் அப்படியே இருக்கட்டும். புதுப் போனுக்குப் புது ஃபோல்டர். அதற்காகத்தான் பெயரில் வருடம். எங்கள் வரவில் இப்போது 'அம்மா-2021'-க்குக் கீழே 'அம்மா-2025' இருக்கிறது. அதில் முதல் படம், புதுப் போன் வந்த அன்று அம்மா எடுத்த வாசல் கோலம்.